ஓடிஜி சூடாகவில்லையா? அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிக்கும் வழி

டிசம்பர் பிறந்தால் தூத்துக்குடியில் என் ரிப்பேர் மேசை முழுக்க ஓடிஜி என்கிற மின் அடுப்புப் பெட்டிகள்தான் இருக்கும். வருஷம் பூராவும் பரணில் கிடந்ததைக் கிறிஸ்துமஸ் கேக்குக்காக இறக்கித் துடைத்து, பிளக்கைச் சொருகிப் பார்த்தால் சூடு வராது. பழைய பெட்ஷீட்டில் சுற்றி, ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்திக் கொண்டுவருவார்கள். "அண்ணாச்சி, போன வருஷம் நல்லாத்தான் ஓடுச்சு. இப்ப சூடே ஏற மாட்டேங்குது. பழமெல்லாம் ஊறப் போட்டாச்சு, எப்படியாவது பாத்துக் குடுங்க" என்பார்கள். வீட்டிலேயே கேக் செய்து விற்கிறவர்களுக்கு அந்த மாதத்தில் ஒரு நாள் போனாலே நஷ்டம்.

அப்படி வந்த பெட்டிகளில் நிறையவற்றை ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றாமல் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். பழுது வீட்டுச் சுவரில் இருந்திருக்கும், அல்லது குமிழைத் திருப்பிய விதத்தில் இருந்திருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன். கடைக்குத் தூக்கிக்கொண்டு வருவதற்கு முன்னால் வீட்டிலேயே எவ்வளவோ பார்த்துவிடலாம். எங்கே நிறுத்திக்கொண்டு ஆளைக் கூப்பிட வேண்டும் என்பதையும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

"சூடாகவில்லை" என்று எல்லோரும் ஒரே வார்த்தையாகச் சொல்கிறார்கள். அதற்குள் ஆறேழு வேறு வேறு பழுதுகள் இருக்கின்றன. ஆகவே பெட்டியை வாங்கி வைத்ததும் நான் நான்கு கேள்வி கேட்பேன். சின்ன விளக்கு எரிகிறதா? டைமர் டிக் டிக் என்று ஓடுகிறதா? உள்ளே சூடு தரும் ராடுகளில் எது சிவக்கிறது, எது சிவக்கவில்லை? முதலிலிருந்தே சூடில்லையா, அல்லது கொஞ்ச நேரம் சூடாகி நின்றுபோனதா? இந்த நான்குக்கும் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இங்கே ஓவன் என்று சொல்வது ஓடிஜியைத்தான்: மேலே இரண்டு, கீழே இரண்டு ராடு, பக்கத்தில் மூன்று நான்கு குமிழ் உள்ள மின் அடுப்புப் பெட்டி. மைக்ரோவேவ் வேறு ஜாதி, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் கரண்ட் போகும் பாதை

ஓடிஜிக்குள் பெரிய மர்மம் எதுவும் இல்லை. பிளக்கிலிருந்து வரும் கரண்ட் டைமர் வழியாகப் போகும், பிறகு டிகிரிக் குமிழுக்குப் பின்னால் இருந்து சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், பிறகு மேல், கீழ், இரண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஸ்விட்ச், அப்புறம் ராடுகள், அங்கிருந்து நியூட்ரலுக்குத் திரும்பிவிடும். சில மாடல்களில் வழியில், சூடு எல்லை மீறினால் அறுந்துபோகும் ஒரு தெர்மல் ஃபியூஸும் இருக்கும். மாடலுக்கு மாடல் வரிசை கொஞ்சம் முன்பின் மாறலாம். ஆனால் எல்லாம் ஒரே சங்கிலி. ஒரு கண்ணி விட்டாலும் சூடு வராது. எந்தக் கண்ணி வரை கரண்ட் வருகிறது என்று தேடுவதுதான் மொத்த வேலையும்.

பெட்டியைத் திறக்கும் வேலை எதுவானாலும் பிளக்கைச் சுவரிலிருந்து உருவி, கண்ணுக்கு எதிரே தரையில் போட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது. பல வீடுகளில் ஸ்விட்ச் ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த மாதிரி இடத்தில் ஸ்விட்ச் அணைந்திருந்தாலும் உள்ளே ஃபேஸ் நிற்கும். அப்புறம் பெட்டி முழுக்க ஆறியிருக்க வேண்டும். ராடு சிவப்பு போனபிறகும் வெகுநேரம் கையைச் சுடும்.

விளக்கும் எரியவில்லை, சூடும் இல்லை

முதலில் டைமரைப் பாருங்கள். டைமர் சைபரில் இருந்தால் மற்ற குமிழ்களை எப்படித் திருப்பினாலும் உள்ளே கரண்ட் போகாது. புதிதாக வாங்கியவர்கள் டிகிரியை 180இல் வைத்துவிட்டு டைமரைத் தொடாமலேயே "வேலை செய்யவில்லை" என்று சொல்வது வாடிக்கை. ஐந்து நிமிஷம், எட்டு நிமிஷம் என்று குறைவாக வைக்கும்போது இன்னொன்றும் நடக்கும். உள்ளே இருக்கும் சுருள்வில் சரியாக இறுகாமல், டைமர் அந்த இடத்திலேயே நின்றுவிடும், அல்லது கரண்டே கொடுக்காது. குமிழை 15 நிமிஷத்தைத் தாண்டித் திருப்பிவிட்டு, பிறகு வேண்டிய நிமிஷத்துக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

டைமர் சரி என்றால் அடுத்தது சாக்கெட். இங்கேதான் நிறையப் பேர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். "சாக்கெட் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி, போன் சார்ஜ் ஏறுதே" என்பார்கள். போன் சார்ஜர் இழுப்பது துளிக் கரண்ட். லூஸ் கான்டாக்டிலும் அது ஓடிவிடும். 1500 வாட் ஓடிஜி ஆறரை ஆம்பியர் இழுக்கும், 2000 வாட் பெட்டி கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதே சாக்கெட்டில் இஸ்திரிப் பெட்டியைச் சொருகிப் பாருங்கள். இஸ்திரிப் பெட்டி நன்றாகச் சூடேறினால் சாக்கெட்டை நம்பலாம். அதுவும் திணறினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு சாக்கெட்டை மாற்றச் சொல்லுங்கள். ஓடிஜிக்கு ஒன்றுமில்லை.

பிளக்கைக் கையில் எடுத்துப் பின்களைப் பாருங்கள். பித்தளை மஞ்சளாக மின்ன வேண்டும். கறுத்திருந்தால், ஓரத்தில் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தால், அந்த இடத்தில் கான்டாக்ட் சரியில்லாமல் சூடு உண்டாகியிருக்கிறது என்று அர்த்தம். பிளக்கை மட்டும் மாற்றினால் பத்து நாளில் புது பிளக்கும் கறுத்துவிடும். சாக்கெட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். பெரிய பின் போகும் 16 ஆம்பியர் பவர் சாக்கெட்தான் ஓடிஜிக்குச் சரி. 6 ஆம்பியர் சின்ன சாக்கெட்டில் மாற்றுப் பின் வைத்துச் சொருகுவது, ஐந்து பிளக் உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டியில் போடுவது எல்லாம் வேண்டாம். கரண்ட் போன நேரத்தில் இன்வெர்ட்டரிலும் போடாதீர்கள். வீடுகளில் சாதாரணமாக இருக்கும் 850, 900 விஏ இன்வெர்ட்டர் 1500 வாட்டைத் தூக்காது.

சாக்கெட்டும் பிளக்கும் நன்றாக இருந்தும் உயிரே இல்லையென்றால் ஒயரோ, டைமரோ, தெர்மல் ஃபியூஸோ போயிருக்கிறது. ஒயர் பெரும்பாலும் இரண்டு இடத்தில்தான் உள்ளுக்குள் அறுந்திருக்கும்: பிளக்கின் கழுத்தில், அல்லது பெட்டியின் பின்பக்கம் நுழையும் இடத்தில். சுருட்டிச் சுற்றி வைக்கிற பழக்கத்தால் வருவது அது.

பெட்டியைத் திறக்காமல் மீட்டர் வைத்துப் பார்ப்பது

வீட்டில் வோல்டேஜும் தடையும் (ஓம்) அளக்கும் ஒரு சின்ன மல்டிமீட்டர் இருந்தால் இந்தச் சோதனையை அவசியம் செய்யுங்கள். கடையில் நான் முதலில் செய்வதும் இதுதான்.

பிளக்கை உருவிவிடுங்கள். டைமரை 20 நிமிஷத்துக்கு வையுங்கள், டிகிரியைக் கடைசி வரை திருப்புங்கள், ஸ்விட்சை மேல் கீழ் இரண்டும் என்ற இடத்தில் வையுங்கள். மீட்டரை 200 ஓம் அளவில் வைத்து, பிளக்கின் கீழ் இரண்டு பின்களிலும் இரண்டு முனைகளைத் தொடுங்கள். மேலே தனியாக இருக்கும் பெரிய பின் எர்த், அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

என்ன எண் வர வேண்டும்? 230ஐ 230ஆல் பெருக்கி வாட்டால் வகுத்தால் வருவது. 1300 வாட் பெட்டிக்கு சுமார் 40 ஓம், 1600 வாட்டுக்கு 33 ஓம். இரண்டு மூன்று ஓம் கூடக் குறைய இருக்கலாம். அந்த எண் வந்தால் பெட்டிக்குள் சங்கிலி முழுசாக இருக்கிறது, பழுது வெளியில்தான். அளவே வராமல் மீட்டர் திறந்த நிலையை (OL அல்லது வெறும் 1) காட்டினால் உள்ளே எங்கோ அறுந்திருக்கிறது. அடுத்து ஸ்விட்சை மேல் ராடு மட்டும் என்று வைத்துப் பாருங்கள், பிறகு கீழ் ராடு மட்டும். ஒவ்வொன்றும் முதலில் வந்ததைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு காட்ட வேண்டும். ஒன்று காட்டி மற்றது காட்டவில்லையென்றால் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்பது ஒரு ஸ்க்ரூ கழற்றாமலே தெரிந்துவிட்டது.

மீட்டர் வைத்தபடியே டிகிரிக் குமிழை மெல்லத் திருப்புங்கள். எண் தாவினால், விட்டு விட்டு வந்தால், தெர்மோஸ்டாட் கான்டாக்டில் அழுக்கு. ஸ்விட்சைத் திருப்பும்போது தாவினால் ஸ்விட்சில். டைமரை லேசாக அசைக்கும்போது தாவினால் டைமரில்.

விளக்கு எரிகிறது, டைமர் ஓடுகிறது, ஆனால் ஒரு ராடும் சிவக்கவில்லை

நான்கு ராடும் ஒரே நாளில் போகாது. அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. ஆகவே இந்த அறிகுறி வந்தால் ராடைச் சந்தேகப்படாமல், ராடுக்கு முன்னால் இருப்பதைச் சந்தேகப்படுங்கள். நிறைய மாடல்களில் விளக்கு டைமருக்கு அடுத்தே இணைந்திருக்கும். விளக்கு எரிந்தால் டைமர் வரை கரண்ட் வந்துவிட்டது. மிச்சம் இருப்பவை தெர்மோஸ்டாட், ஸ்விட்ச், நடுவில் இருக்கும் ஒயர் முனைகள்.

தெர்மோஸ்டாட்டைக் காதால் சோதிக்கலாம். பிளக்கை உருவிவிட்டு, ஆறிய பெட்டியில் டிகிரிக் குமிழை அடியிலிருந்து மெல்லத் திருப்பினால் ஓரிடத்தில் "டக்" என்று சின்னச் சத்தம் கேட்கும். உள்ளே இருப்பது இரண்டு உலோகம் ஒட்டிய ஒரு பட்டை. சூடேறும்போது ஒரு உலோகம் அதிகமாகவும் மற்றது குறைவாகவும் நீள்வதால் பட்டை வளையும், கான்டாக்ட் பிரியும். ஆறியதும் பழையபடி சேரும். அந்தச் சேர்க்கைதான் "டக்". சத்தமே வராவிட்டால் பட்டை தளர்ந்திருக்கலாம், அல்லது கான்டாக்ட் நுனிகள் தீய்ந்திருக்கலாம். சில பெட்டிகளில் சத்தமில்லாமலேயே சேரும், ஆகையால் சத்தத்தை மட்டும் நம்பி முடிவெடுக்காமல் மேலே சொன்ன மீட்டர் சோதனையையும் சேர்த்துப் பாருங்கள்.

எங்கள் ஊரில் இன்னொரு காரணம் இருக்கிறது. போன டிசம்பரில் திரேஸ்புரத்திலிருந்து ஒரு அக்கா பெட்டியைக் கொண்டுவந்தார். கடலை ஒட்டிய வீடு. "இது மூணாவது தடவை அண்ணாச்சி. ரெண்டு பேரு பாத்துட்டு தெர்மோஸ்டாட் மாத்தணும்னு சொல்லி மாத்தியும் குடுத்துட்டாங்க. ரெண்டு மாசம் ஓடும், மறுபடி நின்னுரும்" என்றார். குமிழ்கள் இருக்கும் பக்கத்துத் தகட்டைக் கழற்றினேன். புதுத் தெர்மோஸ்டாட் பளபளவென்று இருந்தது. அதில் மாட்டியிருந்த ஒயரின் நுனியில், அமுக்கிப் போட்டிருக்கும் தட்டையான லக்கில், வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தது. விரலால் தொட்டால் மாவு மாதிரி ஒட்டியது. லக் தெர்மோஸ்டாட் காலில் இறுகாமல், ஆட்டினால் ஆடியது. உறை விரலளவு நீளத்துக்குக் கறுத்துப் போய், உள்ளே செம்பு கறுப்பாக உதிர்ந்தது.

"அக்கா, தெர்மோஸ்டாட்டுக்கு ஒண்ணுமில்ல. இந்த லக்தான். உப்புக்காத்து பட்டுப் பூத்துப்போச்சு" என்று காட்டினேன்.

கறுத்த செம்பை நல்ல செம்பு வரும் வரை வெட்டிவிட்டு, புது லக் போட்டுக் கிரிம்பிங் பிளேயரால் அமுக்கி, மற்ற எல்லா லக்கையும் ஒவ்வொன்றாக உருவி, கால்களை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து மறுபடி மாட்டினேன். மொத்தம் பதினொன்று. அதில் நான்கு தளர்ந்திருந்தன. பெட்டி இன்றுவரை ஓடுகிறது. கடலோரத்தில் இருப்பவர்கள், ஓடிஜியைப் பரணில் வைப்பதற்கு முன்னால் 150 டிகிரியில் பத்து நிமிஷம் ஓட்டி, முழுக்க ஆறவிட்டு, பிளாஸ்டிக் உறை போட்டுக் கட்டி வையுங்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் உறைக்குள்ளேயே பூத்துவிடும்.

உள்ளே ஒயர் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ராடு பக்கம் போகும் ஒயரைச் சாதாரண வீட்டு ஒயரால் மாற்றாதீர்கள். அந்த பிவிசி உறை 70 டிகிரிக்கு உண்டானது. ஈயப் பற்றும் வைக்காதீர்கள், சாதாரண பற்று ஈயம் 183 டிகிரி வாக்கிலேயே இளகத் தொடங்கிவிடும். இன்சுலேஷன் டேப்பும் ஆகாது. ஃபைபர் கிளாஸ் உறை ஒயர், அமுக்கிப் போட்ட லக், மேலே ஃபைபர் ஸ்லீவ். அவ்வளவுதான்.

தெர்மல் ஃபியூஸ்

விரல் நுனியளவு உள்ள ஒரு சின்னக் குழாய். சூடு எல்லை மீறினால் ஒரே தடவை அறுந்து, பெட்டியை நிறுத்திவிடும். அறுந்த ஃபியூஸ் மறுபடி சேராது. சில பேர் அதை வெட்டி எறிந்துவிட்டு ஒயரை நேராக முறுக்கிவிடுகிறார்கள். பெட்டியும் ஓடும், வாடிக்கையாளரும் சந்தோஷமாகப் போவார். அடுத்த தடவை தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால் நிறுத்த ஆளில்லாமல், பெட்டி பக்கத்துத் துணியையும் சுவர்ப் பலகையையும் பற்றவைக்கிற அளவுக்குப் போகும். அதே டிகிரி, அதே ஆம்பியர் எழுதிய ஃபியூஸ்தான் போட வேண்டும். அதோடு அது ஏன் அறுந்தது என்றும் பார்க்க வேண்டும். தெர்மோஸ்டாட் பிரியாமல் நின்றிருக்கலாம், அல்லது பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்திருக்கலாம்.

மேல் மட்டும் சூடாகிறது, அல்லது கீழ் மட்டும்

கேக் மேலே கறுத்து அடியில் மாவாக நிற்கிறது என்றால் கீழ்ப்பக்கம் வேலை செய்யவில்லை. அடி தீய்ந்து மேலே வெளுத்திருந்தால் மேல்பக்கம். முதலில் ஸ்விட்ச் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கிரில் படத்தில் நின்றால் மேல் ராடு மட்டும்தான் எரியும். அந்தப் படங்கள் கோடும் புள்ளியுமாக இருப்பதால் குழம்புவது சகஜம்.

ஸ்விட்ச் சரியாக இருந்தும் ஒரு பக்கம் வரவில்லையென்றால் இப்போது ராடைச் சந்தேகப்படலாம். பல மாடல்களில் மேலே இருக்கும் இரண்டு ராடும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைந்திருக்கும். கீழேயும் அப்படித்தான். சீரியல் பல்பு மாதிரி, ஒன்று அறுந்தால் ஜோடியும் அணைந்துவிடும். அதனால் "ரெண்டு ராடும் போயிருச்சு" என்று கடையில் சொன்னால் அவசரப்பட்டு நம்பாதீர்கள். மீட்டரில் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்று நல்லதாக இருக்கும்.

கண்ணாடி போன்ற குவார்ட்ஸ் ராடில் உள்ளே சுருள் தெரியும். டார்ச் அடித்துப் பார்த்தால் அறுந்த இடமும் தெரியும், அந்த இடத்தில் குழாயின் உட்சுவர் வெள்ளையாகப் பூத்திருக்கும்.  இரும்பு உறை போட்ட ராடில் வெளியே ஒன்றும் தெரியாது, மீட்டர்தான் வழி.

புது ராடு வாங்கும்போது நீளம் ஒத்துப்போனால் போதும் என்று நினைக்காதீர்கள், வாட்டும் ஒத்துப்போக வேண்டும். தொடரில் இருக்கும் இரண்டு ராடில் ஒன்றுக்குத் தடை அதிகமாக இருந்தால் வோல்டேஜில் பெரும்பங்கு அதற்குப் போய்விடும். அது ஒன்று மட்டும் வெளுக்கச் சிவக்கும், மற்றது மங்கலாக நிற்கும், கொஞ்ச நாளில் வெளுத்தது அறுந்துபோகும். பழைய ராடைக் கையோடு கொண்டுபோய், முடிந்தால் ஜோடியாகவே மாற்றிவிடுங்கள்.

நான்கு ராடும் சிவக்கிறது, ஆனாலும் கேக் வேகவில்லை

இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த அறிகுறியோடு வருகிறவர்கள்தான் அதிகமாக அலைக்கழிக்கப்படுகிறார்கள். கடையில் போட்டால் பெட்டி நன்றாக ஓடும். வீட்டுக்குப் போனால் ஓடாது.

காரணம் பெரும்பாலும் வோல்டேஜ். ராடின் சூடு வோல்டேஜோடு நேராகக் குறையாமல், அதன் வர்க்கமாகக் குறையும். 230 வோல்ட்டில் 1500 வாட் தரும் பெட்டி, 200 வோல்ட்டில் ஏறத்தாழ 1130 வாட்தான் தரும். 180 வோல்ட்டுக்கு இறங்கினால் 920 வாட். வோல்டேஜ் கால்வாசிகூடக் குறையவில்லை, சூடு கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. சாயங்காலம் 6 மணிக்கு மேல் தெரு முழுக்க விளக்கு, மோட்டார், ஏசி என்று எரியும் நேரத்தில், டிரான்ஸ்பார்மரிலிருந்து தள்ளி இருக்கும் வீடுகளில் இந்த இறக்கம் சாதாரணம். எங்கள் வீட்டிலேயே, மகள் பிறந்தநாளுக்கு இரவு 7 மணிக்கு வைத்த கேக் ஒரு மணி நேரம் ஆகியும் நடுவில் குழைந்து உட்கார்ந்துவிட்டது. சாக்கெட்டில் மீட்டர் வைத்தேன், 184 காட்டியது. மறுநாள் காலை 6 மணிக்கு அதே மாவுக் கணக்கு, அதே டப்பா. 228 வோல்ட். 40 நிமிஷத்தில் வெந்து எழும்பி நின்றது.

ராடின் நிறத்தைப் பார்த்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். சரியான வோல்டேஜில் குவார்ட்ஸ் ராடு பளீரென்று செம்மஞ்சளாக இருக்கும். குறைந்தால் அணைந்துகொண்டிருக்கும் அடுப்புக்கரி மாதிரி அடர்சிவப்பாக மங்கும். இதற்கு ஸ்டெபிலைசர் வாங்கலாம்தான். ஆனால் டிவிக்கு, பிரிட்ஜுக்கு வைத்திருக்கும் சின்னது தாங்காது, ஓடிஜியின் வாட்டைத் தாங்கும் பெரியது வேண்டும். வாரத்தில் ஒரு நாள் பேக் செய்கிறவர்களுக்கு நேரத்தை மாற்றுவதே மலிவான வழி. தினமும் ஆர்டர் எடுக்கிறவர்கள் வாங்கிவிடலாம், பலன் உண்டு. தெரு முழுக்கவே நாள் பூராவும் 200க்குக் கீழே நின்றால் மின்வாரிய அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள்.

வோல்டேஜ் சரியாக இருந்தால் தெர்மோஸ்டாட் குமிழ் சொல்வதும் உள்ளே இருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஓவனுக்குள் வைக்கும் சின்ன வட்டத் தெர்மாமீட்டர் கடையில் கிடைக்கும். அது இல்லாதவர்களுக்கு வீட்டுச் சர்க்கரையே போதும். வெள்ளைச் சர்க்கரை சுமார் 186 டிகிரியில் உருகும். ஒரு கரண்டிச் சர்க்கரையை அலுமினியத் தாளில் பரப்பி, குமிழை 175இல் வைத்து முன்சூடு காட்டிய பெட்டியில் 15 நிமிஷம் வையுங்கள். பொடியாகவே இருக்க வேண்டும். பிறகு புதுச் சர்க்கரை வைத்து, குமிழை 190க்கு ஏற்றி மறுபடி 15 நிமிஷம். இப்போது உருகி ஓட வேண்டும். 190இலும் உருகவில்லையென்றால் பெட்டி குமிழ் காட்டுவதைவிடக் குறைவாக ஓடுகிறது. 175இலேயே உருகிவிட்டால் கூடுதலாக ஓடுகிறது. வித்தியாசம் பத்து இருபது டிகிரி என்றால் அதைத் தெரிந்துகொண்டு குமிழைக் கூட்டிக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள், செலவு தேவையில்லை. எங்கள் ஊர் மக்ரூன் செய்கிறவர்கள் இந்த வித்தியாசத்தை எல்லோருக்கும் முன்னால் கண்டுபிடித்துவிடுவார்கள். முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்த அது மெல்லிய சூட்டில் வெகுநேரம் காய வேண்டும். கொஞ்சம் கூடினாலும் வெள்ளை போய்ப் பழுப்பாகிவிடும்.

அடுத்தது டிரே. பெட்டியின் அகலம் முழுக்க அடைக்கும் டிரேயைக் கீழ்த்தட்டில் வைத்தால் கீழ் ராடின் சூடு மேலே வராது. நான்கு பக்கமும் ஒரு அங்குலமாவது இடைவெளி வேண்டும். துடைக்கச் சோம்பல்பட்டுக் கீழ் ராடுகளின்மேல் அலுமினியத் தாள் விரிப்பதும் அதே கதைதான், ராடும் சீக்கிரம் போகும். கதவு ரப்பரோ கீலோ தளர்ந்து மேல் ஓரத்தில் இடைவெளி விழுந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால், தாள் தடையில்லாமல் வரும் இடத்தில் சூடு வெளியே போகிறது.

கொஞ்ச நேரம் சூடாகி அணைந்துவிடுகிறது

பாதி நேரம் இது பழுதே இல்லை. வைத்த டிகிரி வந்ததும் தெர்மோஸ்டாட் ராடை அணைக்கும், ஆறத் தொடங்கியதும் மறுபடி போடும். சிவப்பு போய்விட்டதே என்று பயப்படாமல் ஐந்து நிமிஷம் பாருங்கள். தானாகவே மறுபடி சிவந்தால் அது தன் வேலையைச் செய்கிறது.

கால்மணி நேரம் ஆகியும் சிவக்கவில்லை, கதவைத் திறந்து ஆறவிட்டால்தான் வருகிறது என்றால் மட்டும் பழுது. உள்ளே ஏதோ ஒரு லக்கோ ஸ்விட்ச் கான்டாக்டோ சூட்டில் விரிந்து பிரிகிறது. அணைந்திருக்கும்போதே விளக்கும் அணைந்திருக்கிறதா என்று கவனியுங்கள். விளக்கும் போனால் முதலில் சுவர் சாக்கெட்டைச் சந்தேகப்படுங்கள். ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு, மீன் வாடை மாதிரி ஒரு பிளாஸ்டிக் நாற்றம் வந்தால் அந்த சாக்கெட்டை அன்றோடு நிறுத்திவிடுங்கள்.

டைமர் ஓடாமல் ஒரே இடத்தில் நின்று, ராடு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும் பழுதும் உண்டு. சூடு வருகிறதே என்று அதை அப்படியே ஓட்டாதீர்கள். நேரம் முடிந்தும் அணையாத பெட்டி அது.

போட்டதும் டிரிப் ஆகிறது, தொட்டால் ஷாக் அடிக்கிறது

போட்ட நொடியே எம்சிபி (ஷார்ட்டோ அதிக லோடோ வந்தால் தானாக விழும் ஸ்விட்ச்) விழுந்தால் உள்ளே ஷார்ட். கிரைண்டரோ கீசரோ சேர்ந்து ஓடும்போது மட்டும் சில நிமிஷம் கழித்து விழுந்தால் அந்த லைனில் லோடு அதிகம். எம்சிபி நின்று, ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனை வெட்டும் ஸ்விட்ச்) மட்டும் விழுந்தால் கரண்ட் பெட்டியின் உடம்புக்குக் கசிகிறது. வீட்டு ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுந்துவிடும்.

மழைக்கால ஈரத்தில் கிடந்த பெட்டியை டிசம்பரில் இறக்கும்போது இந்தக் கசிவு அதிகமாக வரும். இரும்பு உறை ராடுக்குள் சுருளைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு பொடி அடைத்திருக்கும். மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் அந்தப் பொடி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பெட்டியைக் கதவு திறந்தபடி நல்ல வெயிலில் இரண்டு நாள் வைத்து எடுத்துப் பாருங்கள். சில பெட்டிகள் அதிலேயே சரியாகிவிடும். ஆகவில்லையென்றால் மெகர் (அதிக வோல்டேஜ் கொடுத்துக் கசிவைச் சோதிக்கும் மீட்டர்) வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். சாதாரண மல்டிமீட்டரின் சின்ன பேட்டரிக்கு இந்தக் கசிவு அகப்படாமல் போகலாம்.

ஆர்சிசிபி விழுகிறதே என்று அதைத் தாண்டி நேராக லைன் கொடுக்கச் சொல்லாதீர்கள். எர்த் பின்னை எடுத்துவிட்டு இரண்டு பின்னில் ஓட்டாதீர்கள். வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று அந்த இரும்புக் கதவைப் பிடிக்கப்போவது வீட்டில் இருக்கும் ஆட்கள்தான். டெஸ்டரைப் பெட்டியின் உடம்பில் வைத்து விளக்கு எரிந்தால், ஷாக் அடிக்காவிட்டாலும் பிளக்கை உருவிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

மைக்ரோவேவ் என்றால்

கன்வெக்ஷன் உள்ள மைக்ரோவேவில் சாப்பாடு சூடாகிறது, கேக் மட்டும் வேகவில்லை என்றால் பின்பக்கம் இருக்கும் தனி ஹீட்டரோ அதன் விசிறியோ போயிருக்கிறது. வெளியில் இருந்து அவ்வளவுதான் பார்க்கலாம். மூடியை நீங்கள் கழற்றவே வேண்டாம். உள்ளே இருக்கும் ஹை வோல்டேஜ் கபாசிட்டர், பிளக்கை உருவிய பிறகும் உயிரைக் கொல்லும் அளவுக்குக் கரண்டைப் பிடித்து வைத்திருக்கலாம். ஓடிஜி வேலை தெரிந்த ஆளாக இருந்தாலும் மைக்ரோவேவ் தெரியாதென்றால் அவரிடமும் கொடுக்காதீர்கள்.

வேலை முடிந்து மூடிய பிறகு

யார் ரிப்பேர் செய்தாலும், அடுப்படிக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. பிளக்கை உருவிய நிலையில், மீட்டரின் ஒரு முனையைப் பெரிய எர்த் பின்னிலும் மற்றதைப் பெட்டியின் பெயின்ட் இல்லாத ஒரு ஸ்க்ரூவிலும் வையுங்கள். ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். அதற்கு மேல் காட்டினாலோ, அளவே வராமல் திறந்த நிலையைக் காட்டினாலோ எர்த் ஒயரை மறுபடி மாட்ட மறந்திருக்கிறார்கள் அல்லது அது லூஸாக இருக்கிறது. திரும்பத் திறந்து மாட்டச் சொல்லுங்கள். அது சரியென்றால் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வைத்து, காலிப் பெட்டியாக 200 டிகிரியில் 15 நிமிஷம் ஓட்டுங்கள். புது ராடு போட்டிருந்தால் லேசாகப் புகை வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். புகை அடங்கி, நான்கு ராடும் ஒரே நிறத்தில் நின்று, தெர்மோஸ்டாட் ஒரு தடவை அணைத்து மறுபடி போட்டுவிட்டால் மாவைக் கரைக்கத் தொடங்கலாம்.